கணிப்பொறிக்கு வந்த நெஞ்சுவலி

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

கண்டனூரில் எங்கள் வீட்டு வளவின் ஓர் அறையில், 2012ஆம் ஆண்டு வாங்கிய கணிப்பொறி ஒன்று இருந்தது. 'இருந்தது' என்று இறந்த காலத்தில் சொல்ல வேண்டியதில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் நெஞ்சு மாற்றப்பட்டுவிட்டது. அந்தக் கதையையும், அதன் வாயிலாக நான் கற்றுக்கொண்ட சில செய்திகளையும் நம் கல்லூரி நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம்மில் பலர் வீட்டில் கணிப்பொறி உண்டு. அது திடீரென்று நின்றுபோனால் 'வைரஸ்' என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுவதே நம் வழக்கம்.

அந்தக் கணிப்பொறியில் திரைப்படங்களும் பாடப் புத்தகங்களும் நிறைய உண்டு. அவை போனால் போகட்டும். போகக் கூடாதவை இரண்டு. என் ஐயாவின் அப்பச்சி, ரங்கூனுக்குக் கொண்டுவிற்கச் சென்றவர். 1930 முதல் 1941 வரை அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. என் சித்தப்பா அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றினார். மற்றொன்று அப்பத்தாவின் குரல். குழந்தைகளைத் தூங்கவைக்க அப்பத்தா பாடிய தாலாட்டுகளை 2014இல் ஒரு மழைநாளில் பதிவு செய்தோம். அப்பத்தா 2019இல் காலமானார்கள். 2021 நவம்பர் மழையில் இரண்டாங்கட்டின் ஓடு ஒழுகி, தகரப் பெட்டி நனைந்து, கடிதங்கள் கூழாகிவிட்டன. ஆக, இரண்டுக்கும் எஞ்சிய ஒரே இருப்பிடம் அந்தக் கணிப்பொறிதான். இதை நாங்கள் யாருமே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. 'கம்ப்யூட்டரில் இருக்கிறது' என்ற ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

2023 அக்டோபரில் தொல்லை தொடங்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை உறையும். சுட்டி மட்டும் நகரும், எதையும் திறக்காது. அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடவாதது போல ஓடத் தொடங்கும். சில நாள் கழித்து நீலத்திரை வரலாயிற்று. நாளொன்றுக்கு ஒரு முறை, பிறகு மூன்று முறை. மின்சாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்றார் அடுத்த வீட்டு அண்ணன். தூசி என்றான் என் வகுப்புத் தோழன். தூசியைத் துடைத்தோம். நினைவகச் சில்லைக் கழற்றி, அதன் தங்க முனைகளை அழிப்பானால் தேய்த்து மாட்டினோம். (இது நம் ஊர்க் கைவைத்தியம், சில நேரம் பலிக்கவும் செய்யும்.) பலனில்லை.

பழுது பார்க்கும் கடையொன்றுக்குத் தூக்கிச் சென்றேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் கெட்டுப்போச்சு தம்பி. ஃபார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு அப்பச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பச்சி சொன்னது ஒன்றே: "எதுக்கும் கடுதாசியெல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துட்டுக் கொடு அப்பு." கணிப்பொறியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே எனக்கு ஏற்பட்டிருக்காது.

ஏன் என்பதை விளக்க, வன்தட்டு இயங்கும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க் என்று நாம் சொல்வதைத்தான் பாடநூல்கள் வன்தட்டு என்கின்றன. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடையோ ஒரு டன்னுக்கும் மேல். அவ்வளவும் சேர்ந்து தாங்கியது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அதைவிட லட்சம் மடங்கு தாங்குகிறது. விந்தையன்றோ? ஆயினும் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டு, அதன்மேல் காந்தப் பூச்சு, பூச்சின்மேல் மிதந்து செல்லும் படிப்பு முனை.

மேசைக் கணிப்பொறியின் தட்டு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன்மேல் மின்சாரமின்றி வேதிவினையாலேயே நிக்கல்-பாஸ்பரஸ் முலாம் பூசி, கண்ணாடி போல மெருகேற்றி, அதற்கும் மேலே காந்தப் படலம் இடுகிறார்கள். முலாம் பூசும் கலை நமக்கு அயலானது அன்று. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளுள் உலோக முலாமும் ஒன்று. பேருந்தில் அவ்வழியே தினம் போகிறோம். அதற்கும் நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் இப்படியொரு உறவு இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

எங்கள் வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்வது. தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் விளிம்பின் வேகம் நொடிக்கு 35.8 மீட்டர், அதாவது மணிக்கு 129 கிலோமீட்டர் என வரும். இந்த வேகத்தில் எழும் மெல்லிய காற்றுப்படலத்தின் மேல் படிப்பு முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இடைவெளி எத்தகையது என்பதை இதிலிருந்து உணரலாம். ஒரு தூசித்துகள், ஓர் அதிர்ச்சி, மின்வெட்டில் ஏற்படும் ஒரு தடுமாற்றம் போதும். முனை தட்டைத் தொட்டுக் கீறிவிடும். அம்முனை காந்தப்புல மாற்றத்தை உணர்வதற்கு அடிப்படையான பெருங்காந்தமின்தடை விளைவைக் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இது நம் துறையினருக்கு நினைவிருக்கும்.

தட்டில் செய்தி சிறுசிறு கண்டங்களாக எழுதப்படுகிறது. பழைய முறையில் கண்டம் ஒன்றுக்கு 512 பைட்டு. புதிய முறையில் 4096. ஒவ்வொரு கண்டத்துடனும் பிழை திருத்தும் குறியும் சேர்த்தே எழுதப்படும். ஆகவே கண்டம் சற்றுத் தேய்ந்திருந்தாலும் வன்தட்டு தானே கணக்கிட்டுச் சரியானதைத் தந்துவிடும். தேய்வு மிகுந்தால்? மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி, நூற்றுக்கணக்கான முயற்சி என்றால் பல நொடிகள். அந்த நேரமெல்லாம் விண்டோஸ் வாசலில் நின்று காத்திருக்கும். திரை உறைந்ததன் பொருள் இதுதான்.

அப்படியானால் நீலத்திரை எங்கிருந்து வந்தது? நினைவகத்தில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத பகுதிகளைக் கணிப்பொறி வன்தட்டில் ஒரு கோப்பில் ஒதுக்கிவைக்கும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். வீட்டில் இடம் நெருக்கடியானால் பாத்திரங்களை மச்சில் ஏற்றிவைப்பது போல எனலாம். ஏற்றிய பாத்திரத்தை இறக்கப் போகும்போது மச்சுப் படி முறிந்திருந்தால் அன்றைய சமையல் என்னவாகும்? இயக்க அமைப்பின் உயிரான பகுதியொன்று தான் ஒதுக்கிவைத்ததைத் திரும்பப் படிக்க முடியாமற்போனால், மேற்கொண்டு ஓடுவது ஆபத்து என்று அது தானே நின்றுவிடும். எங்கள் நீலத்திரையில் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று எழுதியிருந்தது. மூன்று வாரம் அதைப் படிக்காமலே பொத்தானை அழுத்தி அழுத்தி மறுபடி ஓடவிட்டிருக்கிறோம்! அச்சொற்றொடரின் பொருளே, வன்தட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவர இயலவில்லை என்பதுதான்.

இருந்தும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நினைவகச் சில்லின் கோளாறும், தளர்ந்த கம்பியும் இதே செய்தியைத் தரக்கூடும். அதனால் மூன்று சோதனைகள் செய்தேன்.

முதலில் நினைவகம். மெம்டெஸ்ட் என்ற நிரலை இரவு முழுதும் ஓடவிட்டேன். பிழை ஒன்றும் வரவில்லை. நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறுவேறு பெயருடன் வந்தால் நினைவகத்தின்மேல் ஐயம் கொள்ளலாம் என்பார்கள். எங்களுடையதோ ஒரே பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னது. அடுத்து, விண்டோஸ் தனக்குத் தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பேடு. 'ஈவென்ட் வியூவர்' என்று தேடினால் கிடைக்கும். அங்கே 'டிஸ்க்' என்ற பெயரில் 7, 51, 153 ஆகிய எண்கள் வரிசையாக நின்றன. 7 என்றால் கெட்ட கண்டம். 51 என்றால் மச்சில் ஏற்றி இறக்கும்போது தவறு. 153 என்றால் கேட்டது வராமல் மறுபடி கேட்க நேர்ந்தது. முதல் 7 பதிவானது செப்டம்பர் மாதத்திலேயே. நீலத்திரைக்கு ஒரு மாதம் முன்பே கணிப்பொறி தன் நோயைத் தானே எழுதிவைத்திருக்கிறது. நாங்கள்தான் ஏட்டைப் புரட்டவில்லை.

மூன்றாவது சோதனை, வன்தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு. 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். பல வரிகள் இருக்கும். எல்லாவற்றையும் கண்டு மிரள வேண்டியதில்லை. 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட கண்டங்களைச் சொல்வது. 197ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் கண்டங்களைச் சொல்வது. 198, திருத்தவே இயலாதவை. 199 மட்டும் வேறு வகை: அது உயர்ந்துகொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் தட்டில் இல்லை, இணைக்கும் கம்பியில் இருக்கும், சிறு செலவில் கம்பியை மாற்றினால் தீரும். எங்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 199 சுழியாகவே இருந்தது. 197 மட்டும் 38 என்று காட்டியது. 38தானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்நிரல் பதினறும எண்முறையில் காட்டுவது. நம் கணக்கில் அது 56. மறுநாள் பார்த்தபோது 5சி, அதாவது 92! ஒரே நாளில் 36 கூடியிருந்தது. எண்ணைவிட அது ஏறும் வேகமே அச்சம் தருவது.

இந்தக் கணக்கையும் முற்றாக நம்பிவிட முடியாது. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்சோதனையில் முதல் பிழையைக் காட்டிய தட்டு, பிழை காட்டாத தட்டைவிட அடுத்த 60 நாள்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி என்று அதில் கண்டனர். ஆனால் அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கு மேல், 56 விழுக்காடு, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அறிகுறி தெரிந்தால் ஆபத்து உறுதி. தெரியாவிட்டால் நலம் என்று உறுதி சொல்ல முடியாது. நெஞ்சுவலி என்று தலைப்பிட்டது இதனால்தான்.

இந்த இடத்தில் நான் செய்யவிருந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 'செக்டிஸ்க்' என்றொரு கட்டளை விண்டோஸில் உண்டு. கெட்ட கண்டங்களைத் தேடிச் சரிசெய்வது அதன் வேலை. கைவிரல் பொத்தானின்மேல் இருந்தபோது ஒரு சிந்தனை: அது தட்டு முழுவதையும் அல்லவா தேய்த்துப் படிக்கும்? நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிச் சோதிப்பது போன்றதன்றோ அது? மேலும் அது சரிசெய்வது கோப்புகளின் அடுக்குமுறையைத்தான். அதற்காக ஒழுங்கற்றவற்றை வெட்டி ஒதுக்கவும் அது தயங்காது. நலமான தட்டுக்கு அது நல்ல மருந்து. சாகும் தட்டுக்கு அன்று. கடைக்காரர் சொன்ன ஃபார்மேட்டும் அப்படியே. அதே நோயாளித் தட்டில் புதிய விண்டோஸை எழுதினால், பழைய கடிதங்கள் இருந்த இடத்தின்மேல் அது போய் உட்காரும். பத்து நாள் ஓடும்; பிறகு நீலத்திரை திரும்பும்; கடிதங்களோ திரும்பா. அவரைக் குறை சொல்லவில்லை. தட்டில் என்ன இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே.

முதலில் படியெடுக்க வேண்டும், வைத்தியம் பிறகு. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வெளித்தட்டு ஒன்று வாங்கினேன். அப்பச்சி விலையைக் கேட்டுவிட்டு, 2012இல் இந்தக் கணிப்பொறியை வாங்கியபோது 500 ஜிகாபைட் தட்டுக்கே கூடுதலாகக் கொடுத்ததை நினைவுகூர்ந்தார்கள். அதற்குக் காரணம் 2011 இறுதியில் தாய்லாந்தில் வந்த பெருவெள்ளம். உலக வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு வகித்த அந்நாட்டுத் தொழிற்சாலைகள் நீரில் மூழ்க, கண்டனூரில் விலை ஏறியது.

விண்டோஸை ஓடவிடாமல், பென்டிரைவில் ஏற்றிய சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் அமைப்பைக் கொண்டு கணிப்பொறியை எழுப்பினேன். விண்டோஸ் ஓடினால் அது தன் பாட்டுக்கு நோயாளித் தட்டில் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதே காரணம். அதில் 'டிடிரெஸ்க்யூ' என்ற நிரல் உண்டு. குனு திட்டத்தைச் சேர்ந்தது, இலவசம். சாதாரணமாகக் கோப்பைப் படியெடுக்கும்போது கெட்ட கண்டம் குறுக்கிட்டால் படியெடுப்பு அங்கேயே முட்டி நிற்கும். இந்நிரலோ கெட்ட இடத்தை விட்டுத் தாவி, முதலில் நல்ல இடங்களையெல்லாம் விரைந்து அள்ளிவிடும். பிறகு திரும்பி வந்து விட்டுப்போனவற்றின் ஓரங்களைச் சுரண்டிப் பார்க்கும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டளையில் எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு என்ற வரிசையை மாற்றி எழுதிவிட்டால், வெறுமை போய்ப் பொருளின்மேல் உட்கார்ந்துவிடும். தட்டுகளின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் மூன்று முறை பார்த்த பிறகே விசையை அழுத்தினேன். அப்போதும் கை நடுங்கியது உண்மை.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் குதிரைப் பாய்ச்சல், பிறகு நத்தை. இரவு இரண்டு மணியளவில் மின்சாரம் போயிற்று! வரைபடக் கோப்பை வெளித்தட்டிலேயே எழுதச் சொல்லியிருந்ததால் பிழைத்தேன். பென்டிரைவில் எழுப்பிய அமைப்பின் நினைவகத்தில் வைத்திருந்தால், எது எடுத்தது எது பாக்கி என்பது விளக்கணைந்ததுமே அழிந்திருக்கும். விடியற்காலை மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாக்கியைச் சுரண்டி எடுக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. கல்லூரிக்கு விடுப்பு எடுத்தேன். அதன் காரணத்தை என் விடுப்புக் கடிதத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதியதற்கு எங்கள் பேராசிரியர் இதைப் படிக்கும்போது மன்னிப்பாராக.

500 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 9 மெகாபைட் தவிர எல்லாம் வந்துவிட்டது. நூறாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அந்த இரண்டு பங்கு எங்கே விழுந்தது என்பதல்லவா கேள்வி! பெரும்பகுதி ஒரு திரைப்படத்தில் விழுந்தது, அதனால் நட்டமில்லை. 1938ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றின் படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டது. ரங்கூனில் அரிசி விலை எழுதியிருந்த மேல்பாதி இருக்கிறது. வீட்டாரை விசாரித்த கீழ்ப்பாதி இல்லை. அப்பத்தாவின் தாலாட்டுக் கோப்பு ஒன்றில் தொடர்ச்சியாக 20 லட்சம் பைட்டுகள் வரவில்லை. அது சுருக்கப்படாத ஒலிக்கோப்பு. நொடிக்கு 1,76,400 பைட்டு. வகுத்தால் 11.3 நொடி. படிக்க முடியாத இடத்தில் சுழிகளே இருக்கும் என்பதால், ஒலிபெருக்கியில் இரைச்சல்கூட எழாது. பாட்டின் நடுவே பதினோரு நொடி முழு மௌனம். பிறகு அப்பத்தா விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து பாடுகிறார்கள். ஆத்தா அதை ஒரு முறைதான் கேட்டார்கள்.

தேவகோட்டையில் இருக்கும் அத்தையிடம் தொலைபேசியில் அந்த இடத்தைப் பாடிக் காட்டினேன். என் குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, விடுபட்ட இரண்டு அடிகளையும் அத்தை பாடிச் சொன்னார்கள். அதைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறோம். அப்பத்தாவின் பாட்டில் ஒட்டவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட அவர், பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்து, நூல்கள் நுண்படமாகப் படியெடுக்கப்பட்டன. ஓலைச்சுவடிக் காலத்திலும் ஏடு நைவதற்குள் பெயர்த்து எழுதுவதுதான் வழக்கம். ஓலை மட்கும், தாள் பொடியும், தட்டு தேயும். இப்போது எங்களிடம் மூன்று படிகள் உள்ளன: கண்டனூரில் புதிய கணிப்பொறித் தட்டில் ஒன்று, மரப்பீரோவில் வெளித்தட்டில் ஒன்று, சென்னையில் சித்தப்பா வீட்டில் ஒன்று. புதிதாகப் போட்டது சுழலாத திண்மத் தட்டு. விரைவானது, கீழே விழுந்தாலும் எளிதில் அசையாதது. ஆனால் அது சாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒரே நொடியில் சாகும் என்பதால், அதை நம்பி மற்ற இரண்டையும் விட்டுவிடவில்லை.

இன்னும் ஒரு சொல். தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒழுங்காக ஒலி எழுந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். படிப்பு முனை தன் இடத்தைத் தேடித் தவிக்கும் ஒலி அது. ஒவ்வொரு சுழற்சியும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்கு எடுத்துச் செல்வது ஒன்றே வழி; செலவு பல ஆயிரம் ஆகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு கதை உலவுகிறது. தட்டின்மேல் பனித்துளி படியும், அவ்வளவே பயன்.

பழைய வன்தட்டின் மூடியை, எல்லாப் படிகளையும் சரிபார்த்த பிறகு, திருகு திருகாகக் கழற்றினேன். தட்டின் விளிம்பருகே நகத்தால் கீறியது போல ஒரு மெல்லிய வட்டம் தெரிகிறது. அதை எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கொடுத்திருக்கிறேன். பார்க்க விரும்புவோர் வரலாம். உள்ளேயிருந்து எடுத்த இரண்டு நியோடிமியக் காந்தங்களும் அருகிலேயே இருக்கும். அவற்றை மட்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று கொண்டுபோகாதீர்கள். என் ஆள்காட்டி விரல் ஒரு வாரம் கறுத்திருந்தது.